வாடகை வீடா, சொந்த வீடா?
(உறுப்பினர் கல்விப் பகுதி)

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பதும் அவர்கள் வாக்கே. முன்னது ஆசையை எழுப்புகிறது. பின்னது எச்சரிக்கை செய்கிறது. நம்மிற் பலர் முதற் பழமொழியை வீடு வாங்குமுன் நினைக்கிறோம். இரண்டாவதை வாங்கிய பின்னரே நினைக்கிறோம். இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

தருமபுரி வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரவைக் கூட்டம் முடிந்து, பதிவேடுகளைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வயது முதிர்ந்த உறுப்பினர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "ஐயா, இருபது வருஷமாக வாடகை கொடுத்து வருகிறேன். அத்தனையும் ஆற்றில் போட்ட பணந்தானே? கடன் வாங்கியாவது ஒரு வீட்டைக் கிரயம் பண்ணிவிடலாமா?" என்று கேட்டார். உடனே "ஆம்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல என்னால் இயலவில்லை. "கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுகிறேன், பெரியவரே" என்றேன். அன்று போட்ட கணக்கையே ஈண்டு விரித்து எழுதுகிறேன். வீடு என்பது குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பை விழுங்கக்கூடிய செலவு. அதைப் பற்றிய முடிவு பிழையாயின், தறியும் நிலமும் உடன் போய்விடும். ஆதலின், சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன்.

1. வீடும் கூட்டுறவும்

வீட்டு வசதி கூட்டுறவிற்குப் புதிய பொருளன்று. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் முன்னோடிகள் தம் கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர்களிற் பலர் கம்பளி நெசவாளர்கள். அவர்கள் எழுதி வைத்த நோக்கங்களில் கடைக்கு அடுத்தபடியாக இடம்பெற்றது எது தெரியுமா? உறுப்பினர் குடியிருக்க வீடுகளை வாங்குவதும் கட்டுவதுமே. மாவிற்கு அடுத்து அந்த நெசவாளர்கள் நினைத்தது வீட்டையே.

நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திற்குப் பின், 1909-இல் பெங்களூரில் வீடு கட்டும் சங்கம் தோன்றியது. நம் மாநிலத்தில் வீட்டு வசதிச் சங்கங்களுக்கு நிதியுதவும் தலைமை நிறுவனம் 1959-இல் அமைந்தது. கைத்தறி நெசவாளருக்கென்று 1953-ஆம் ஆண்டின் தனிவரிச் சட்டத்தால் திரண்ட நிதியைக் கொண்டு, கடனாகவும் மானியமாகவும் பணம் அளித்து, பல ஊர்களில் நெசவாளர் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றைக் கட்டியோர் ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர்: நெசவாளனுக்கு வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. இவ்வுண்மையை நம் கணக்கிலும் மறவாதிருப்போம்.

2. "வாடகை வீண்" என்னும் எண்ணம்

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 86.6 சொந்த வீட்டிலும், 11.1 வாடகை வீட்டிலும் இருந்தன. நகரங்களில் மட்டும் பார்த்தால் வாடகைக்கு இருந்தவை நூற்றுக்கு 27.5. எனவே சிற்றூரில் வாடகைக்கு இருப்பவரை ஊரார் ஒரு மாதிரியாகப் பார்ப்பது இயல்பே. ஆனால் செல்வம் மிகுந்த ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் மக்களிற் பாதிப்பேருக்குக் குறையாமல் வாடகை வீட்டிலேயே வாழ்கின்றனர். அவர்களை யாரும் வீணர் என்று சொல்வதில்லை. வாடகை மானக்கேடு அன்று. அது ஒரு செலவு.

சொந்த வீட்டிலும் திரும்பி வாராத செலவுகள் உண்டு. கடனுக்கு வட்டி, பத்திரச் செலவு, பழுது பார்க்கும் செலவு, வீட்டு வரி ஆகிய இவை யாவும் வாடகையைப் போலவே போனால் போனவைதாம். வீட்டில் முடங்கிய நம் சொந்தப் பணம் வைப்பில் இருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் இழப்பே. ஆகவே, "வாடகையா, தவணையா?" என்று ஒப்பிடுதல் தவறு. "வாடகைக்கு இருந்தால் திரும்பாமற் போவது எவ்வளவு? சொந்தமாக வாங்கினால் திரும்பாமற் போவது எவ்வளவு?" என்று ஒப்பிடுவதே முறை.

3. முதற் கணக்கு: நகரில் வாங்கும் வீடு

நகரை ஒட்டி 15 லட்சம் ரூபாய் விலையுள்ள சிறு வீடு ஒன்றை ஓர் உறுப்பினர் வாங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். அவர் கையில் 5 லட்சம் இருக்கிறது. 10 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 9, தவணைக் காலம் 20 ஆண்டு. இதே போன்ற வீட்டிற்கு மாத வாடகை 4,500 ரூபாய். தொகைகள் எடுத்துக்காட்டுக்கே, உங்கள் ஊர்த் தொகைகளை இட்டு நீங்களே கணக்கிட வேண்டும்.

மாதத் தவணை 8,997 ரூபாய். 20 ஆண்டில் கட்டும் மொத்தம் ஏறத்தாழ 21,59,000 ரூபாய். அதாவது, வாங்கிய 10 லட்சத்திற்கு வட்டி மட்டும் 11,59,000. முதலாண்டில் அவர் கட்டும் 1,07,967 ரூபாயில் 89,240 வட்டிக்கே போகிறது. அசலிற் கழிவது 18,727 மட்டுமே. "மாதந்தோறும் என் வீட்டிற்குக் கட்டுகிறேன்" என்று அவர் மகிழ்கிறார். முதலாண்டில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே கட்டுகிறார் என்பது கணக்கைப் பார்த்தாலன்றி விளங்காது.

இனிப் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2023 முதல் நூற்றுக்கு 2. ஆக 15 லட்சத்திற்கு 1,35,000 ரூபாய். (பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வாங்கும் சொத்திற்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைவு. சிறு மனை வாங்குவோர் இதை நினைவிற் கொள்க.) சொந்தப் பணம் 5 லட்சமும் பத்திரச் செலவும் சேர்ந்த 6,35,000 ரூபாய், நூற்றுக்கு 7 வட்டியில் வைப்பில் இருந்தால் ஆண்டிற்கு 44,450 கிடைத்திருக்கும். பழுதும் வரியும் ஆண்டிற்கு 15,000 எனக் கொள்வோம்.

முதலாண்டில் திரும்பாமற் போவது: வட்டி 89,240, இழந்த வட்டி 44,450, பழுதும் வரியும் 15,000, மொத்தம் 1,48,690 ரூபாய்.

வாடகைக்கு இருந்தால்: வாடகை 54,000; மூன்று மாத முன்பணம் 13,500-க்கு இழந்த வட்டி 945; மொத்தம் 54,945 ரூபாய்.

வேறுபாடு ஏறத்தாழ 94,000 ரூபாய். இவ்வீட்டின் விலை 28 ஆண்டு வாடகைக்குச் சமம் என்பதே இதற்குக் காரணம். வீட்டு விலையை ஓராண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். விடை 15-ஐ ஒட்டி இருந்தால் வாங்குவது பற்றி எண்ணலாம். 25-ஐத் தாண்டினால் அவசரம் வேண்டாம். இது சட்டமன்று; வழிகாட்டி மட்டுமே.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வாடகை ஏறும், தவணை, வட்டி விகிதம் மாறாதவரை, ஏறாது. ஆண்டுதோறும் வாடகை நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், 16-ஆம் ஆண்டில் அது தவணையைத் தாண்டிவிடும். 20 ஆண்டு முடிந்தபின் சொந்த வீட்டுக்காரருக்குத் தவணை இல்லை. வாடகைக்காரருக்கு வாடகை நிற்பதில்லை. தள்ளாத வயதில் வாடகை கொடுக்க வேண்டிய நிலை எளியதன்று. எனவே வாடகைக்கு இருப்பவர் தமக்கு மிஞ்சும் பணத்தை உண்மையிலேயே சேமித்தாரா என்பதுதான் கேள்வி. சங்கத்தில் மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டு வந்தாராயின், முதுமையில் அவர் சொந்த வீட்டுக்காரருக்குத் தாழ்ந்தவராக மாட்டார். சேமியாமல் செலவழித்தாராயின், "வாடகை வீண்" என்ற சொல் அவர் அளவில் மெய்யாகிவிடும். தவணை என்பது கட்டாயச் சிக்கனம். தொடர் வைப்பு என்பது விருப்பச் சிக்கனம். தம் மனத்தின் உறுதியை அறிந்தவர் தமக்கேற்றதைத் தேர்ந்துகொள்க.

மனை விலை ஏறுமே, அதை ஏன் கணக்கிற் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பர். ஏறலாம், எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. "தொழிற்பேட்டை வருகிறது, இரயில் வருகிறது" என்று சொல்லி மனை விற்போர் நம் மாவட்டத்திற் பலர். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலேயே சிறு இரயில் வந்தது. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல் அந்தப் பாதை மூடப்பட்டது. மொரப்பூர்ப் பாதையை மீண்டும் அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது 2019-இல். நடுவில் 78 ஆண்டுகள்! வாக்குறுதியை நம்பி மனை வாங்குவோர் இக்கதையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

4. இரண்டாம் கணக்கு: சொந்த மனையிற் கட்டும் வீடு

இன்னோர் உறுப்பினருக்குச் சொந்த ஊரில், பட்டா உள்ள மனை இருக்கிறது எனக் கொள்வோம். அளவான வீடு கட்ட 7 லட்சம் ஆகிறது. கையில் 4 லட்சம். கடன் 3 லட்சம். வட்டி நூற்றுக்கு 9. காலம் 10 ஆண்டு. மாதத் தவணை 3,800 ரூபாய். இது வாடகையை விடக் குறைவு.

முதலாண்டில் திரும்பாமற் போவது: வட்டி 26,213, இழந்த வட்டி 28,000, பழுதும் வரியும் 7,000, ஆக 61,213 ரூபாய். வாடகைக்கணக்கு 54,945. வேறுபாடு 6,000 சொச்சம் மட்டுமே. இரண்டோர் ஆண்டில் அதுவும் மறைந்துவிடும். பத்தாண்டில் கடன் தீரும்.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் 94,000, மற்றொன்றில் 6,000. வேறுபாட்டை விளைத்தது மனையின் விலையும் கடனின் அளவுமே. எனவே, மனை உள்ளவர் வீட்டிற்கு முயலலாம். மனை இல்லாதவர் வீட்டிற்கு முன் மனையைப் பற்றி எண்ணுக. தறிக்கூடத்தை முதலிற் கட்டி, குடியிருப்பைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்வது நம் ஊர்ப்புறங்களில் பழைய வழக்கந்தான். பெருங்கடனில் ஒரே நாளில் வாங்கும் வீட்டை விட, சிறு கடனில் ஐந்தாண்டில் வளரும் வீடு பாதுகாப்பானது. குடிசையில் வாழ்வோர்க்கு, மாநில அரசு 2024-25-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம் வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என வகுத்தது. தகுதியுள்ளோர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்தறிக.

கடன் வாங்கியோர்க்கு ஒரு குறிப்பு. முதற் கணக்கிலுள்ள 10 லட்சத்தை 20 ஆண்டிற்கு மாறாக 15 ஆண்டில் தீர்த்தால் தவணை 10,143 ரூபாய். மாதம் 1,146 ரூபாய் கூட்டிக் கட்டுவதால் மிச்சமாகும் வட்டி 3,33,000 ரூபாய்க்கு மேல்.

5. தறியும் வீடும்

இதுகாறும் போட்ட கணக்கு எல்லார்க்கும் பொது. நெசவாளர்க்கு மட்டும் உரிய கணக்கு ஒன்று உண்டு.

குழித்தறிக்குத் தரையில் குழி தோண்ட வேண்டும். வீட்டுக்காரர் இசைவாரா? தாழ்ந்த கூரையில் ஜக்கார்டுப் பெட்டி ஏறாது. பாவு நீட்ட நீண்ட தெரு வேண்டும். இரவில் தறியோசை கேட்டால் அண்டை வீட்டார் முகஞ்சுளிப்பர். இவை அனைத்திற்கும் பொருந்திய வீட்டைக் கண்டுபிடித்து அமர்ந்த பின், "மகனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி செய்" என்று உரிமையாளர் சொன்னால், பாவு பாதியில் நிற்கத் தறியை இறக்க வேண்டும். புது இடத்தில் குழி தோண்டி, தறியை நிறுத்தி, பாவு பிணைத்து, மறுபடி ஓட்டம் பிடிக்கப் பதினைந்து நாளாவது ஆகும். நாட்கூலி 400 ரூபாய் என்று கொண்டால் 6,000 நட்டம். வண்டிக்கூலியும் குழிச்செலவும் 4,000. ஆக ஒரு மாற்றத்திற்கு 10,000 ரூபாய். இரண்டாண்டிற்கு ஒரு முறை வீடு மாறினால் ஆண்டிற்கு 5,000.

இத்தொகை முதற் கணக்கின் 94,000 ரூபாயை ஈடுசெய்யாது என்பது வெளிப்படை. இரண்டாம் கணக்கின் 6,000 ரூபாயை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே "நெசவாளனுக்குச் சொந்த வீடு வேண்டும்" என்பது உண்மை. ஆனால் எந்த விலையிலும் வேண்டும் என்பது உண்மையன்று. நெசவாளனுக்கு இன்றியமையாதது பத்திரம் அன்று, நிலைத்திருக்கும் உறுதி. சொந்த வீடு வாங்க இயலாதவர், மூன்று முதல் ஐந்தாண்டிற்கு எழுதிப் பதிவு செய்த குத்தகை ஒப்பந்தத்தால் அவ்வுறுதியிற் பெரும்பகுதியைப் பெறலாம். தறிக்குழி தோண்ட இசைவு, காலி செய்யும்போது குழியை மூடித் தரும் பொறுப்பு, ஆண்டுதோறும் வாடகை ஏறும் வீதம், பாவு முடியும் வரை அவகாசம் ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வீட்டின் முன்பணத்திற்காகத் தறியை விற்பதும், நூல் வாங்க வைத்த கைமுதலை எடுப்பதும், கந்துவட்டிக்கு வாங்குவதும் வேண்டா. தறி ஓடினால் வீடு வரும். தறி நின்றால் வாங்கிய வீடும் நில்லாது.

6. விவசாய உறுப்பினர்க்கு

பட்டுக்கூடு விளைவிப்போர் நம் மாவட்டத்தில் மிகுதி. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடி மாநிலமெங்கும் அறியப்பட்டது. மல்பெரி நட்டால் பல்லாண்டு பயன் தரும் செடி. ஓராண்டுக் குத்தகை நிலத்தில் அதை நடுவது, அடுத்தவர் தோட்டத்தில் தென்னை வைப்பதை ஒக்கும். புழு வளர்ப்பு மனையோ குடியிருக்கும் அறையிலிருந்து விலகித் தூய்மையாக இருத்தல் வேண்டும். அடுத்த வயலில் பூச்சிமருந்து தெளித்தால் இலை நஞ்சாகிப் புழு மடியும். ஆதலின், மல்பெரி விவசாயிக்கு வீட்டை விட முந்தியது நிலத்தின் மீதும் வளர்ப்பு மனையின் மீதும் நீண்டகால உரிமை. ஊரில் வாடகைக்கு இருந்தாலும் இருக்கலாம். வளர்ப்பு மனை மட்டும் தம்முடையதாக இருக்கட்டும்.

இதற்கு மாறாக, பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைக்குச் சென்றுவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பின்னே பெற்றோரும் போகக்கூடும் என்றிருந்தால், இப்போது கடன் வாங்கி வீடு வாங்குதல் பூட்டு வாங்குதலுக்கே ஒப்பாகும். முதற் கணக்கின் பத்திரச் செலவு 1,35,000 ரூபாயை மூன்றாண்டில் விற்றுச் செல்வோர் ஆண்டிற்கு 45,000 வீதம் இழப்பர். பதினைந்தாண்டு இருப்போர்க்கு அது ஆண்டிற்கு 9,000 மட்டுமே. "எத்தனை ஆண்டு இருப்போம்?" என்ற கேள்விக்கு விடையில்லாதவர் வாங்காதிருத்தல் நலம். அரசுப் பணியில் ஊர் ஊராக மாற்றப்படும் என் போன்றோரும் இவ்வினத்தைச் சேர்ந்தவரே.

7. போக்கியம்: நடுவழியின் இடர்

வாடகைக்கும் கிரயத்திற்கும் நடுவே போக்கியம் என்றொரு வழி நம் பக்கத்தில் பெருவழக்கு. மூன்று லட்சம் கொடுத்தால் மூன்றாண்டு வாடகையின்றி இருக்கலாம். காலம் முடிந்ததும் பணம் திரும்பும். இழந்த வட்டி நூற்றுக்கு 7 வீதம் ஆண்டிற்கு 21,000; மாதக் கணக்கில் 1,750 ரூபாய். வாடகை 4,500-ஐ நோக்க இது மலிவுதான். மலிவின் காரணம் என்ன? உரிமையாளருக்குப் பணமுடை. பணமுடை உள்ளவரிடம் பெருந்தொகையைக் கொடுத்துத் திரும்பப் பெறும் பொறுப்பு நம்முடையதாகிறது.

என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது, எனினும் சொல்கிறேன். பணியிற் சேர்ந்த புதிதில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டைப் போக்கியத்திற்குப் பிடித்தேன். மனைவியின் நகையை அடகு வைத்த பணமும் அதில் அடக்கம். முத்திரைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம், பதிவு செய்யவில்லை. "நம்மவர்தானே" என்று வீட்டுக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். ஏழாம் மாதத்தில் வாயிற் சுவரில் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. அவ்வீடு முன்னரே அடமானத்தில் இருந்தது. வீட்டை விட்டு வெளியேறினோம். பணத்தில் பாதி, மூன்றாண்டு அலைந்த பின்னரே திரும்பியது. மீதி இன்னும் வரவில்லை. நாள்தோறும் பிறர் கடன் பத்திரங்களைத் திருத்தி ஆய்வு செய்யும் நான், என் சொந்தப் பத்திரத்தை ஒரு நாழிகை நேரம் ஆயவில்லை. என் மனைவி இது பற்றி ஒருபோதும் என்னைக் கடிந்ததில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

போக்கியம் என்பது சட்டப்படி அடமானமே. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள போக்கிய அடமானம் எழுத்தில் இருந்து, இரு சாட்சிகள் கையொப்பமிட்டு, பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாத போக்கியத்தில் நமக்கு வீட்டின்மேற் பிடி இல்லை. வீட்டுக்காரர் நாணயமே பிடி. எனவே வில்லங்கச் சான்று பார்த்து, மூலப்பத்திரத்தை நேரிற் கண்டு, பதிவு செய்தாலன்றிப் பணம் கொடாதீர்கள்.

8. வாடகைக்கு இருப்போர் அறிய வேண்டியவை

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக, உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நகர்ப்பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்பதே இச்சட்டத்தின் அளவு. வாடகைக்கு இரசீது கேட்பது வாடகைதாரர் உரிமை. சண்டை வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. வெளியேற்றவும் வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்தல் வேண்டும். அச்செலவிற்கு அஞ்சியே "பதினொரு மாத ஒப்பந்தம்" வழக்கில் வந்தது. தறியை நிறுத்துவோர்க்குப் பதினொரு மாதம் போதாது.

9. வாங்குவோர் பார்க்க வேண்டியவை

முதலாவது, மூலப்பத்திரம். அசலைக் காட்ட இயலாத உரிமையாளரிடம் பேச்சை நிறுத்திக்கொள்க; அசல் எங்கோ அடமானத்தில் இருக்கக்கூடும். இரண்டாவது, முப்பதாண்டிற்குக் குறையாத வில்லங்கச் சான்று. மூன்றாவது, பட்டாவும் நில அளவும். பத்திரத்திலுள்ள அளவும் தரையிலுள்ள அளவும் ஒன்றா எனச் சங்கிலி பிடித்துப் பார்க்க வேண்டும். நான்காவது, நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம், புறம்போக்கு ஆகியவற்றிற் பட்டதா என வருவாய்த்துறைப் பதிவேட்டில் அறிக. ஐந்தாவது, மனைப்பிரிவிற்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல். ஒப்புதலில்லா மனைகளுக்கு 2016-இல் பதிவுத் தடை வந்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்து அத்தகைய மனை வாங்கியோர் பட்ட துன்பம் மறக்கத்தக்கதன்று.

ஆறாவது நம் மாவட்டத்திற்கே சிறப்பாக உரியது: தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களிற் கறையும் எலும்பு நோயும் பல சிற்றூர்களை வாட்டியதனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-இல் பயன்பாட்டிற்கு வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமிற்கு மேற்பட்ட புளோரைடு குடிநீர்க்கு ஆகாது. வாங்கும் மனைக்குக் காவிரி நீர்க் குழாய் உண்டா, ஆழ்துளைக் கிணற்று நீர் எத்தகையது என்பதைச் சோதித்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். வாடகைக்காரர் கெட்ட தண்ணீரை விட்டுப் போய்விடலாம். வாங்கியவர் பிள்ளைகள் அதையே குடிக்க வேண்டும்.

10. முடிவு

அந்தப் பெரியவருக்கு நான் அளித்த விடை இது. "பெரியவரே, இருபதாண்டு வாடகை ஆற்றிற் போகவில்லை, இருபதாண்டு உங்கள் தறி நிழலில் ஓடியதற்குக் கொடுத்த கூலி அது. பதினைந்து லட்சத்து வீட்டை இப்போது விட்டுவிடுங்கள். அறுபதை நெருங்கும் வயதில் இருபதாண்டுத் தவணை உங்கள் மகனின் தவணையாகிவிடும். அவரைக் கேட்காமல் அவர் தோளிற் சுமை ஏற்றலாமா? ஊரில் உங்கள் பங்கு மனை இருக்கிறதென்றீர்கள். முதலில் அதற்குத் தனிப்பட்டா பெறுங்கள். அதுவரை இப்போதுள்ள வீட்டிற்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் பதிவு செய்யுங்கள். சங்கத்தில் தொடர் வைப்பு ஒன்று தொடங்குங்கள்." அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பட்டாவிற்கு யாரைப் பார்க்க வேண்டும் ஐயா?" என்று கேட்டார். கேட்ட கேள்வி மாறியது. எனக்கு அது போதும்.

சுருங்கச் சொல்லின், முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகள்: எத்தனை ஆண்டு இருப்போம்? வீடு நம் தொழிலுக்குச் செய்யும் வேலை என்ன? வாங்கிய பின்னும் கைமுதல் மிஞ்சுமா? மூன்றிற்கும் நல்ல விடையிருந்தால் வாங்குக. ஒன்றிற்கேனும் இல்லையாயின், முறையான ஒப்பந்தத்தோடு வாடகைக்கு இருந்து, மிச்சத்தைச் சேமித்து வருக. அதில் இழுக்கு ஏதுமில்லை.

கல்வி வட்டத்தில் விவாதிப்பதற்கான வினாக்கள்

1. உங்கள் ஊரில் ஒரு வீட்டின் விலை எத்தனை ஆண்டு வாடகைக்குச் சமம்? மூன்று வீடுகளுக்குக் கணக்கிட்டு ஒப்பிடுக.

2. தறி உள்ள வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகள் யாவை? பொது மாதிரி ஒன்றைச் சங்கமே தயாரித்து உறுப்பினர்க்கு அளிக்கலாகாதா?

3. உங்கள் சங்க உறுப்பினர்களில் பட்டா உள்ள மனை இருந்தும் வீடு கட்டாதோர் எத்தனை பேர்? அவர்களுக்குத் தடையாய் இருப்பது எது?

4. பதிவில்லாப் போக்கியத்தில் இப்போது பணம் கொடுத்திருப்போர் உங்களில் உளரா? உளராயின், அடுத்த கூட்டத்திற்குக் காத்திராமல் நாளைக்கே வில்லங்கச் சான்று பெறுக.